ஐம்பது கிராம் பலம்

கோகுலாஷ்டமி கழிந்து நாலைந்து நாளாகி இறுகிப்போன சீடை ஒன்றைக் கடைவாயில் வைத்து ஓங்கிக் கடிக்கிறவர், அந்த ஒரு கணத்தில் ஐம்பது கிலோ வரையிலான பாரத்தைக்கூடத் தம்முடைய பல்லின்மீது சுமத்திவிடக்கூடும். சீடை உடைகிறது, அல்லது, அது பொல்லாத சீடையாயிருந்தால், பல்லின் ஓரம் பெயர்கிறது, ஆனால் பல் தான் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதே பல்லின்மீது ஐம்பது கிராம் அளவே உள்ள ஒரு விசையை, மெல்லிய கம்பி ஒன்றின் மூலமாக, இரவென்றும் பகலென்றும் பாராமல் செலுத்திக்கொண்டே இருந்தால், சில வாரங்களுக்குள் அந்தப் பல் தன் வேரோடும் எலும்பினூடே ஊர்ந்து வேறிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயிரம் மடங்கு பலத்துக்கு மசியாத பொருள், ஆயிரத்தில் ஒரு பங்கு பலத்துக்கு இணங்கிவருவது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், வயது வந்தபின் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்கிறவர்கள் படும் அவஸ்தைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் கூடவே விளங்கிவிடும்.

வயது வந்தபின் என்று பிரத்தியேகமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்லுக்குக் கிளிப் போடுவது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விஷயம் என்பதே நெடுங்காலமாக நம்மவர்களுடைய அபிப்பிராயம். அந்த வயதில் வீட்டில் பணம் இருந்திருக்காது. பணம் இருந்தாலும், விழுந்து முளைத்த பல் தெற்றுப்பல்லாய் நின்றால் நிற்கட்டும், அதற்கு ஒரு வைத்தியமா என்ற அசிரத்தை இருந்திருக்கும். முன்பல் சந்து அதிர்ஷ்டம் என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்த பாட்டி ஒருத்தியும் இருந்திருப்பாள். பின்னர் அந்தப் பிள்ளை வளர்ந்து, உத்தியோகத்தில் அமர்ந்து, தன் சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு தானே பல் வைத்தியரிடம் போகும்போது, அதே பாட்டி, "இந்த வயசிலே போய்ப் பல்லுக்குக் கம்பியா? நாளைக்குப் பொண்ணு பாக்கப் போற எடத்திலே என்னடா ராஜா நெனைப்பாங்க?" என்று அங்கலாய்க்கிறாள். பாட்டியின் கவலைக்குள் சாஸ்திரீயமான சந்தேகம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. வளர்ச்சி நின்றுபோன சரீரத்தில், முற்றி இறுகிவிட்ட தாடையில், பல் இனி நகருமா என்பதே அது. எலும்பை ஒரு ஜடப்பொருளாக எண்ணுகிற யாருக்கும் எழக்கூடிய சந்தேகந்தான்.

எலும்பு ஜடமன்று. வயது வந்த மனிதனுடைய எலும்பில் ஆண்டுதோறும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கரைந்து, கரைந்த அளவுக்குப் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் காரியத்துக்கென்று ஒருவகை உயிரணுக்களும், கட்டும் காரியத்துக்கென்று வேறொரு வகை உயிரணுக்களும் ஆயுள் முழுவதும் ஓய்வின்றி உழைத்துவருகின்றன. எந்த இடத்தில் கரைப்பது, எந்த இடத்தில் கட்டுவது என்பதை அங்கங்கே விழும் பாரம் பெரிதும் நிர்ணயிக்கிறது என்னும் உண்மையை, பெர்லின் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் யூலியஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டிலேயே ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டார். பல்லுக்குக் கம்பி கட்டும் வைத்தியர் இந்த உயிரணுக்களுக்குத்தான் கட்டளை அனுப்புகிறார். கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு கம்பியின் வேலை தீர்ந்தது. பல்லை நகர்த்தும் வேலை முழுவதையும் செய்து முடிப்பது, கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வருந்துகிறவருடைய சொந்தச் சரீரமே.

அது செய்யும் விதம் விசித்திரமானது. பல்லின் வேர் எலும்பில் நேரே புதைந்து நிற்பதாகத் தோன்றினாலும், வேருக்கும் அது நிற்கும் குழியின் சுவருக்கும் இடையே, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி இருக்கிறது. அதன் குறுக்கே எண்ணிறந்த நார்கள் எலும்பிலிருந்து வேருக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்க, கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவரைப் போலப் பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நார்களுக்கு நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிரணுக்களும், இவை யாவற்றையும் நனைத்து நிற்கும் திரவமும் உண்டு. சீடையைக் கடிக்கும் அந்த ஒரு விநாடிக்குள் பாரத்தைத் தாங்கி நிற்பது இந்தத் திரவம். அழுத்தத்தால் சுருங்காத அது, வெளியே கசிந்துபோக அவகாசம் கிடைப்பதற்குள் கடி முடிந்துவிடுகிறது. அதே அழுத்தம் நாலைந்து விநாடி தொடருமானால், திரவம் பிழிந்து வெளியேற, நார்கள் நசுங்கி, வலி எடுக்க, மனிதன் தானாகவே வாயைத் திறந்துவிடுவான். மெல்லிய விசைக்கோ இந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. ஒரு பக்கத்து நார்களை இலேசாக நசுக்கியும், எதிர்ப்பக்கத்து நார்களை இலேசாக இழுத்தும், அது ஓயாமல் நின்றுகொண்டே இருக்கிறது. அவ்வாறு நாளொன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரமாவது நின்றால்தான் உயிரணுக்கள் அதைப் பொருட்படுத்துகின்றன. பொருட்படுத்தியபின், நசுங்கிய பக்கத்துச் சுவரைக் கரைக்கும் அணுக்கள் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்துச் சுவரில் கட்டும் அணுக்கள் புதிய எலும்பைப் பரப்புகின்றன. குழியே இடம் மாறுகிறது. குழியோடு பல்லும் மாறுகிறது. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், பால் பல் விழுவதற்குள் நிரந்தரப் பல் கோணலாக முளைத்தால், பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, புதிய பல்லை நாள்தோறும் விரலால் உரிய இடத்துக்குத் தள்ளிவரும்படி எழுதிவைத்தார். முளைத்துக்கொண்டிருக்கும் இளம் பல்லில் அது ஓரளவு பலித்திருக்கலாம். முற்றிய பல்லுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரம் விரலை அழுத்திப் பிடித்திருக்கும் பொறுமை எந்த ரோமானியனுக்கு இருந்திருக்கும்?

பலத்தைக் கூட்டினால் வேகம் கூடாதா என்று கேட்கத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் தேசத்துக் கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களின் பற்களைக் கம்பியால் நகர்த்தி, அந்தத் தாடைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது இதற்கு விடை கிடைத்தது. மெல்லிய விசை விழுந்த இடத்தில் குழியின் சுவர் நேராகக் கரைந்திருந்தது. பலத்த விசை விழுந்த இடத்திலோ நார்த்திசு நசுங்கி, இரத்தவோட்டம் அடைபட்டு, உயிரணுக்கள் மாண்டு, அந்தப் பகுதி கண்ணாடித்தன்மை அடைந்திருந்தது. அணுக்கள் மாண்ட இடத்தில் கரைப்பதற்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்திலுள்ள ஆரோக்கியமான எலும்பிலிருந்து அணுக்கள் புறப்பட்டு, சுவரைப் பின்புறமாகக் குடைந்துகொண்டு வந்து சேரவேண்டும்; அதுவரையில் பல் நின்ற இடத்திலேயே நிற்கும். 1932-இல் வியன்னாவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வார்ட்ஸ், வேரின் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரையில் விசை இருப்பதே உத்தமம் என்று கணக்கிட்டார். மயிரிழை போன்ற நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தைத் தாண்டாத அளவு அது. பல்லைச் சற்றுச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம், சாயாமல் வேரோடு பெயர்த்து வைக்க 70 முதல் 120 கிராம் என்பது இக்காலத்துப் பாடநூல்கள் சொல்லும் அளவு. இத்தனை நுட்பமாகச் செய்தும், பல் மாதம் ஒன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே நகரும். மாதம் ஒருமுறை வரச்சொல்லிப் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறாரே என்று வைத்தியர்மேல் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. இடையில் கரையவேண்டியது கரைந்து, நசுங்கிய திசு மீண்டும் தேற வேண்டிய காலத்தை அவரால் சுருக்க முடியாது. அவசரப்பட்டுக் கம்பியை அடிக்கடி முறுக்குகிற வைத்தியரிடம்தான் உண்மையில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

வலியின் கால அட்டவணையும் இதிலிருந்தே பிறக்கிறது. கம்பியை மாற்றிய அன்று மாலை வரையில் ஒன்றும் தெரியாது, 'இவ்வளவுதானா!' என்று தைரியமாக இருப்பார்கள். நசுங்கிய நார்களில் அழற்சி எழுந்து, புரோஸ்டாகிளாண்டின் முதலிய இரசாயனங்கள் சுரந்து, நரம்பு முனைகளைக் கூர்மையாக்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. மறுநாள் காலையில் இட்லியைக் கடிப்பதே பெரும்பாடாகிவிடும். உச்சம் அந்த இரண்டாம் நாள்தான். பிறகு தணிந்து, ஒரு வாரத்துக்குள் அநேகமாக மறைந்துவிடும். இந்த இரசாயனங்களே கரைக்கும் அணுக்களை அழைத்துவரும் தூதர்களுமாதலால், அவற்றின் சுரப்பையே அடக்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்குவதைப் பல வைத்தியர்கள் விரும்புவதில்லை. வலி பொறுக்கமுடியாமல் போனால் பாரசிட்டமால் போதும் என்பார்கள். முக்கியமான நேர்முகத் தேர்வு வியாழக்கிழமை என்றால், கம்பி மாற்றுவதைப் புதன்கிழமை வைத்துக்கொள்ளாமலிருப்பது புத்திசாலித்தனம்.

கம்பியைப்பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அதுதான். பழைய எஃகுக் கம்பி வளைத்த மாத்திரத்தில் அளவுக்கு மீறிய பலத்தோடு இழுக்கும். பல் சிறிதளவு நகர்ந்தவுடனே அதன் பலம் முழுவதும் வடிந்துவிடும். வேண்டியதோ, முதலிலிருந்து கடைசிவரையில் ஒரே அளவாக, மெதுவாக இழுக்கும் கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக்கூடத்தில், ஏவுகணையின் மூக்குக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்த வில்லியம் பியூலர், 1950-களின் இறுதியில் நிக்கலையும் டைட்டேனியத்தையும் சேர்த்து ஒரு கலவையைச் செய்தார். 1961-இல் நடந்த ஒரு கூட்டத்தில், பலமுறை மடித்து வைத்திருந்த அந்த உலோகத் தகட்டைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த ஓர் அதிகாரி தம் புகைக்குழாயைப் பற்றவைக்கும் நெருப்பை அதன் கீழே காட்ட, மடிப்புகள் அனைத்தும் நீங்கித் தகடு தானாக நிமிர்ந்துகொண்டதாம். தன் பூர்வ உருவத்தை ஞாபகம் வைத்திருக்கும் உலோகம்! ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரீசன் 1970-களின் தொடக்கத்தில் இதைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். 1980-களில் சீனாவிலும் ஜப்பானிலும் அது மேலும் செம்மைப்பட்டது. இன்று முதல் சில மாதங்களுக்குக் கட்டப்படும் கம்பி பெரும்பாலும் இந்த இனந்தான். கோணல் வரிசைக்கேற்ப வளைந்து கொடுக்கும் அது, வாயின் உஷ்ணத்தில் தன் பழைய வளைவுக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்க, அந்த முயற்சியில் பற்கள் வரிசைக்கு வருகின்றன. உஷ்ணத்தால் இயங்கும் கம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால் இழுப்பு சற்றுத் தளர்வதையும், சூடான காப்பி குடித்தால் இறுகுவதையும் கவனிக்கலாம்.

இந்தக் கம்பியைப் பல்லோடு சேர்த்துப் பிடிக்கும் சிறு அடைப்புகள், ஒருகாலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி மாட்டிய உலோகப் பட்டைகளின்மீது பற்றவைக்கப்பட்டிருந்தன. சிரித்தால் வாய் முழுவதும் தகரமாய்த் தெரியும். ராச்செஸ்டர் நகரில் இருந்த மைக்கேல் புவோனகோர், வர்ணம் பூசுமுன் உலோகப் பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைக்கும் தொழிற்சாலை வழக்கத்தைக் கேள்வியுற்று, அதே அமிலத்தைப் பல்லின் எனாமல்மீது அரை நிமிஷம் தடவிப் பார்த்து, அதன்பின் பிசின் உறுதியாகப் பற்றிக்கொள்வதை 1955-இல் எழுதினார். பட்டைகள் பெரும்பாலும் ஒழிந்தன. பல்லின் நடுவில் ஒரு சிறு புள்ளியாக அடைப்பு ஒட்டப்படுகிறது. பீங்கானில் செய்து பல்லின் நிறத்திலேயே ஒட்டுவதும் உண்டு. அதைச் சுற்றி மாட்டும் வெளிர்நிற ரப்பர் வளையங்கள் நம் வீட்டுச் சாம்பாரின் மஞ்சளுக்கு இரண்டே வேளையில் சரணடைந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வயது வந்தவர்களுக்கு உண்மையாகவே உள்ள சங்கடம் இடம் இன்மை. சிறு பிள்ளைகளின் மேல் தாடையில் நடுக்கோட்டுப் பொருத்து இன்னும் இறுகியிருக்காது. ஒரு திருகு சாதனத்தால் தாடையையே அகலப்படுத்தி இடம் உண்டாக்கலாம். இருபது வயதை நெருங்குகையில் அந்தப் பொருத்துப் பின்னிக்கொண்டுவிடுகிறது. இருக்கிற இடத்தில் முப்பத்திரண்டும் அடங்காவிட்டால் பல்லைப் பிடுங்கவேண்டுமா என்பது ஒரு பழைய சண்டை. இத்துறையை ஒரு தனிச் சாஸ்திரமாக்கியவரும், 1900-இல் செயின்ட் லூயி நகரில் இதற்கென்றே ஒரு பள்ளியை நிறுவியவருமான எட்வர்ட் ஆங்கிள், முழு வரிசையும் குறைவின்றி இருப்பதே இயற்கையின் சித்தம் என்றும், ஒரு பல்லைக்கூடப் பிடுங்கலாகாதென்றும் பிடிவாதமாக வாதித்தார். முகலட்சணத்துக்கு அவர் காட்டிய உதாரணம் கிரேக்கரின் அப்பல்லோ சிலை. உலகத்து முகங்களெல்லாம் அந்தச் சலவைக்கல் முகத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்பது என்ன நியாயமோ! அவருடைய சீடரான சார்லஸ் ட்வீட், குருவின் சொற்படியே சிகிச்சை செய்த நோயாளிகள் பலருக்கு உதடு முன்தள்ளியும் பற்கள் மீண்டும் கோணியும் போனதைக் கண்டு, அவர்களில் நூறு பேரைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, கட்டணமின்றி மறுபடி சிகிச்சை செய்து, பலனை 1940-இல் சக வைத்தியர்களின் சபை முன் வைத்தார். இன்னொரு சீடரான ஆஸ்திரேலிய ரேமண்ட் பெக், அந்நாட்டு ஆதிகுடிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்து, கரடுமுரடான உணவால் பற்களின் பக்கங்கள் தேய்ந்து வரிசை தானே சுருங்கிவந்ததைக் கண்டார். மென்மையான உணவு உண்ணும் நமக்கு அந்தத் தேய்மானம் இல்லை, ஆகையால் பல்லெடுப்பது இயற்கைக்கு விரோதமன்று என்பது அவர் வாதம். அதைப் பின்வந்தவர்கள் முழுவதும் ஏற்கவில்லை. ஆயினும் பிடுங்குவதா, பற்களின் பக்கங்களை இம்மியளவு அரவி இடம் செய்வதா, தாடையே ஒவ்வாதபோது அறுவைச் சிகிச்சையா என்பதை இன்று முகத்துக்கு முகம் பார்த்துத் தீர்மானிக்கிறார்களே தவிர, யாரும் வேதவாக்காக ஒன்றைச் சொல்வதில்லை.

அன்றாட வாழ்க்கையைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தட்டையும் முறுக்கும் கடலை மிட்டாயும் கரும்பும் கொஞ்ச காலத்துக்குத் தியாகம் செய்யப்படவேண்டியவை. கொய்யாவைத் துண்டு போட்டுத் தின்னலாம். பந்தியில் கீரை மசியல் பரிமாறப்பட்டால், எழுந்தவுடன் கைகழுவுமிடத்துக் கண்ணாடியைத் தேடவேண்டும். கன்னத்தில் உரசிப் புண்ணாக்கும் அடைப்பின்மேல் சிறிது மெழுகை உருட்டி அப்பிக்கொண்டால் போதும். அலட்சியம் செய்யக்கூடாத விஷயம் ஒன்றே. அடைப்பைச் சுற்றித் தங்கும் மாவுப்பொருளைக் கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, ஒரு மாதத்துக்குள்ளேயே வெண்ணிறத் தழும்பை உண்டாக்கிவிடும். கம்பியை அவிழ்த்தபின் வரிசை அழகாயிருக்க, ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெள்ளைச் சட்டம் தெரியும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கம்பிக்கு மேலும் கீழுமாகத் துலக்குவதே இதற்கு முக்கியப் பரிகாரம். வயது வந்தவர்களிடம் ஈறு நோய் மறைந்திருக்குமானால் அதை முதலில் குணப்படுத்தாமல் கம்பியைத் தொடவே கூடாது. வீங்கிய ஈற்றின் நடுவே பல்லை நகர்த்தினால், கரைவது கரையும், கட்டப்படவேண்டியது கட்டப்படாது. மற்றபடி வயது ஒரு தடையன்று. உயிரணுக்கள் விழித்துக்கொள்ளச் சற்றுத் தாமதமாகும். விழித்தபின் வேலை ஏறக்குறைய ஒன்றுபோலவே நடக்கும்.

கம்பியே தெரியாமல் இதைச் செய்ய வழியில்லையா என்ற ஆசையிலிருந்து பிறந்தது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகளை வரிசையாக மாட்டிக் கழற்றும் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜியா சிஷ்டி என்பவர், வயது வந்தபின் கம்பி கட்டி அவிழ்த்தவர். பல் திரும்பாமலிருப்பதற்காகக் கொடுத்த உறையைச் சில நாள் மாட்டாமல் விட்டுப் பிறகு மாட்டியபோது, அது விலகிய பல்லை மீண்டும் உள்ளே தள்ளுவதைக் கவனித்து, ஒவ்வொன்றும் இம்மியளவு மாறுபட்ட பல உறைகளைக் கணினியின் துணையால் செய்தால் கம்பியே வேண்டாமே என்று யோசித்தார். 1997-இல் கெல்சி வர்த் என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தின் இன்விசலைன் உறை இன்று உலகெங்கும் விற்பனையாகிறது. சௌகரியமான ஏற்பாடுதான், நாளில் 22 மணி நேரம் அதை வாயில் வைத்திருக்கவேண்டும் என்பதும், காப்பிக்கும் பலகாரத்துக்கும் கழற்றிக் கழற்றி மேசைமேல் மறந்துவைப்பவர்களுக்கு அது உதவாது என்பதும் தவிர.

கம்பியை அவிழ்க்கும் நாளில் சிகிச்சை முடிந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. எலும்பு சில மாதங்களில் புதிய இடத்தில் உறுதிப்பட்டுவிடும். ஆனால் ஈற்றுக்குள் பல்லின் கழுத்தைச் சுற்றி ஓடும் நார்கள் பழைய இடத்தை அத்தனை சுலபத்தில் விடுவதில்லை. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கோரே ரைட்டன், திருப்பி நிறுத்தப்பட்ட நாய்ப் பற்களைச் சோதித்தபோது, 232 நாட்களுக்குப் பிறகும் அந்த நார்கள் முறுக்கேறியபடியே இழுத்துக்கொண்டிருக்கக் கண்டார். எனவேதான் கழற்றி மாட்டும் உறையை முதல் சில மாதங்கள் பகலிலும் இரவிலும், பின்னர் இரவுகளில் மட்டும், வைத்தியர் போதும் என்னும்வரை அணியச் சொல்கிறார்கள். பெரும்பாலான வைத்தியர்கள் போதும் என்று சொல்வதே இல்லை. அந்த உறையை வெந்நீரில் கழுவினால் உருவம் கோணிவிடும். குளிர்ந்த நீரே தகும்.

இதில் இன்னொரு தப்பெண்ணமும் உலவுகிறது. இருபது வயதுக்குமேல் கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டால், கடைசியில் முளைக்கும் ஞானப்பல் முன்னே தள்ளுகிறது என்று அதன்மேல் பழி போட்டு, அதைப் பிடுங்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் பலர். ஞானப்பல் முளைக்காதவர்களுக்கும் அந்த நெருக்கம் வருகிறது. கம்பியே கட்டாதவர்களுக்கும் வருகிறது. தாடையும் பற்களும் நடுவயதுக்கு அப்பாலும் மெல்ல மெல்ல இடம்மாறிக்கொண்டேயிருப்பதன் விளைவு அது. இதற்காக அநேக வைத்தியர்கள் கீழ் முன்பற்களின் பின்புறத்தில் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். வெளியே தெரியாத அந்தக் கம்பியின் ஒட்டு ஒரு பல்லில் மட்டும் பெயர்ந்துபோனால் வலியும் இராது, அடையாளமும் இராது. பல் மட்டும் புறப்பட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அதைச் சோதித்துக்கொண்டு வருவதற்குப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகாது.